மாமனாரின் பைக்குள் போன வாள்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிவுடன் எழுதிக்கொள்வது. உடம்பளவில் நானும் உங்கள் மகளும் நலம். மற்றபடி, போன சனிக்கிழமை ஆட்டத்திலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

ஆட்டம் எதுவென்று தங்களுக்கு மறந்திருக்கலாம் என்பதால் நினைவூட்டுகிறேன். நான் கதை சொல்வேன். நீங்கள் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக, பகடை உருட்டி, ஒற்றுமையாக டிராகனை வெல்ல வேண்டும். உங்கள் மகள் வீராங்கனை, மாடி வீட்டுப் பல் டாக்டர் வைத்தியர், நீங்கள் திருடன். முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஒரு திருகாணிகூடக் காணாமல் போக விடாத மனுஷன், எவன் பையிலோ கொஞ்சம் கை வைத்துச் சந்தோஷப்படட்டுமே என்று நினைத்தது என் புத்தி. நீங்களோ கூட வந்தவர்கள் பையிலேயே கை வைத்தீர்கள். சிறையில் போட்டேன், வெளியே வரும்போது சிறைக்கதவின் கீல் உங்களிடம் இருந்தது. கேட்டால், "திருடன் திருடாம வாயில விரல வச்சிக்கிட்டு உக்காந்திருப்பானா மாப்பிள்ளை?" என்கிறீர்கள். ரொம்ப நியாயம்.

அன்றைக்கு டிராகன் வாயைத் திறந்தது, உங்கள் மகள் வாளை உருவப் போனாள், உறையில வாளே இல்ல. ஒரே அடியில விழுந்துட்டா. டாக்டர் ஓடிவந்து மருந்துப் பெட்டியத் திறந்தா, உள்ள ஒரு குப்பி கிடையாது. எல்லாம் உங்க பையில. "அப்பா, குடுங்கப்பா!"ன்னு அவ கத்துறா. நீங்க கண்ணாடியத் துடைச்சிக்கிட்டே, "எதுவானாலும் எழுத்துல கேட்டாத்தான் தருவேன், சீட்டு எங்க?"ன்னீங்க. டாக்டர் நிஜமாகவே மருந்துச்சீட்டு எழுதினார் மாமா! அவர் கையெழுத்து புரியவில்லை என்று அதையும் திருப்பிக் கொடுத்தீர்கள். பெற்ற மகள் செத்துக்கொண்டிருக்க, டிராகனின் பின்னங்கால் நகத்தைக் கழற்றப் பகடை உருட்டினீர்கள். இருபது முகப் பகடையில் இருபதே விழுந்து, நகமும் கழன்று வந்தது. என்ன ராசியோ!

"இனிமே அப்பா வந்தா நான் வரமாட்டேன்" என்று சொன்னவள்தான், அதோடு என்னிடமும் வாயை மூடிக்கொண்டாள், உங்களுக்குத் திருடன் வேஷம் கொடுத்தவன் நான்தானே. டாக்டரும் வேறு வேலை இருக்கிறது என்று இழுக்கிறார். இந்த ஆட்டம் நின்றுபோனால் எனக்கு வாரத்தில் வேறு சந்தோஷமே இல்லை. ஆகையால் தாங்கள் ஆட்டத்தில் ஒரு துறவியாக மாறலாம். அல்லது சனிக்கிழமை மதியங்களில் வீட்டிலேயே நிம்மதியாகத் தூங்கலாம்.

தங்கள் மூட்டுவலியும் கைநீளமும் ஒருங்கே குறைய வேண்டுகிறேன். ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
கதை சொல்லும் மருமகன்

பி.கு: இதை அனுப்பத் தைரியம் வராமல், இந்த வாரம் ஆட்டம் கிடையாது என்று உங்களிடம் பொய் சொல்லிவிட்டு நாங்கள் மூவர் மட்டும் ஆடினோம். ஒரு பொருள்கூடக் காணாமல் போகவில்லை. முறைப்படி டிராகனைக் கொன்றோம். டாக்டர் நாலு தடவை கொட்டாவி விட்டார். உங்கள் மகள் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா இருந்திருந்தா இந்நேரம் டிராகனோட முட்டைய லவட்டிட்டு வந்திருப்பாரு" என்றாள். ஒரு வாரத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். எனக்கும் தாங்கவில்லை மாமா. வரும் சனி சீக்கிரம் வந்துவிடுங்கள். ராஜாவின் கஜானா ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், காவலாளி சரியான தூங்குமூஞ்சி.