பல்லிக் குஞ்சுகளுக்குப் போட்ட சாம்பிராணி

நடந்தது இவ்வளவுதான்:

1. லக்கலைப் பக்கம் ஒரு பாறையை உடைக்கப் போனார்கள். அதில் ஒட்டியிருந்த குட்டிப் பல்லி முட்டைகளை எங்கள் ஆய்வுக் குழு அனுமதி வாங்கிப் பாறைச் சில்லோடு பெயர்த்து வந்தது.
2. நான்கு பொரித்தன.
3. ஆய்வறைக் கூரை ஒழுகியதால் குஞ்சுகளை மாத்தளையிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
4. அம்மாவுக்கு அவற்றின்மேல் பாசம் வந்தது.
5. மூன்று செத்தன.

நான்காவதால்தான் ஐந்தாவது.

வளர்ந்தாலும் சுண்டுவிரல் நீளம் தாண்டாத இனம் அது. குஞ்சு என் நகத்தின்மேல் சுருண்டு படுக்கும். பழ ஈயைத் தவிர வேறெதுவும் அதன் வாய்க்குள் போகாது. எனவே தம்புள்ளைச் சந்தைக்கு லொறி ஓட்டும் அண்ணன் அழுகிய வாழைப்பழம் கொண்டுவர, நான் ஈ வளர்த்தேன். (அவன் புலம்பல்: "ஊரே ஈயை வெரட்டுது. இதுக்கா ஒன்னைய கெம்பஸுக்கு அனுப்புனோம்?")

அம்மாவோ என் அறை வாசலையே மிதிக்கவில்லை. "பல்லி தலையில விழுந்தா என்னா பலன் தெரியுமாடி?"

நான் விடவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு குஞ்சு நாக்கால் தன் கண்ணையே துடைத்துக்கொண்டது. அம்மா வெகுநேரம் பார்த்தார். "அய்யோ, முகங் கழுவுதுடி!" அன்றிலிருந்து அவை 'புள்ளைங்க'. ஆய்வில் கிடைக்காத வெற்றி வீட்டில் கிடைத்ததென்று பூரித்துப்போனேன். (மடச்சி.)

ஒரு வெள்ளிக்கிழமை நாவுலயில் களவேலை. வெளியே விடாத மழை. பெட்டி மூடியில் எழுதி ஒட்டினேன்: திறக்க வேண்டாம். வெயிலில் வைக்க வேண்டாம். வலை வழியாகத் தண்ணீர் தெளிக்கவும். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கைப்புள்ள மாதிரி பாத்துக்கங்கம்மா" என்றேன்.

மாலையில் திரும்பினேன். படியிலேயே மணத்தது.

"குளிர்ல எல்லாம் ஒடுங்கிக் கெடந்துச்சுடி. தண்ணி வேற தெளிச்சேனா, புள்ளைங்களுக்குச் சளி புடிச்சிரும்னு கொஞ்சம் சாம்பிராணி காட்டுனேன். ஒன்னையும் குளிப்பாட்டி அப்பிடித்தானே வளத்தேன்? மூடியத் தொறக்கவே இல்ல, சத்தியமா."

உண்மைதான். திறக்கவில்லை. காற்றுப் போவதற்கென்று பெட்டியின் பக்கவாட்டில் நானே அளந்து வெட்டிய வலைக்குக் கீழே சாம்பிராணிச் சட்டியைப் பிடித்திருக்கிறார். புகை வெளியே போகாமல் பெட்டிமேல் ஒரு கூடை வேறு கவிழ்த்திருந்தது. கைக்குழந்தைக்குப் புகை போடும் முறை அதுதான்.

மூன்று பெட்டியின் தரையில் செத்துக் கிடந்தன. நான்காவது ஈர மரப்பட்டைக்கு அடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அம்மா வாழையடியில் குழி தோண்டிவிட்டு வந்தார். நான் மூன்றையும் ஸ்பிரிட் போத்தல்களில் போட்டு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். மாதிரிகளைப் பாதுகாப்பது விதி.

"பொதைக்கக்கூட விடமாட்டியாடி?"

அடுத்த சீட்டில் எண்ணை எழுதினேன். அழுதால் எண்கள் கலைந்துவிடும்.

இன்றும் வீட்டில் யாராவது அடுப்பில் பாலை வைத்துவிட்டு "பாத்துக்கங்கம்மா" என்றால், அண்ணன் உள்ளேயிருந்து கத்துவான்: "எப்பிடி, கைப்புள்ள மாதிரியா?" எல்லோரும் சிரிப்போம். அம்மா சிரிப்பதில்லை.

இப்போதைய நிலை: பாறை உடைக்கப்பட்டுவிட்டது. பிழைத்தது ஆண், ஆய்வறையில் தனியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா என் அறைக்கு மட்டும் சாம்பிராணி கொண்டுவருவதில்லை. அறையில் இப்போது எந்தக் குஞ்சும் இல்லை.