பாலுக்கு நான் போட்ட டிஃபென்ஸ்

நேத்து திங்கக்கிழமை எனக்குக் குடுத்திருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. அடுப்புல வெச்ச பால் பொங்கணும்.

இதுக்கு ஒரு ஆளே தேவையில்ல. சும்மா விட்டாலே பால் பொங்கும். நான் போனை நோண்டிக்கிட்டு நின்னு எத்தனை தடவை பொங்க விட்டிருக்கேன், அதுக்கு எத்தனை தடவை வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன்! அந்த வகையில எனக்கு அனுபவம் ஜாஸ்தி.

விஷயம் என்னன்னா, ஆக்லாந்துல, ரானுயிங்கிற ஏரியாவுல வீடு வாங்கிட்டோம். மூணு பெட்ரூம், நாலு வீட்டு வண்டியும் போக வரப் பொதுவா ஒரு டிரைவ்வே, நான் ரிட்டயர் ஆனாலும் முடியாத மார்ட்கேஜ் கடன். நேத்து காலையில பால் காய்ச்சிக் குடி போனோம்.

என் மனைவி மீனா இந்த நாளுக்காக ஒம்பது வருஷம் காத்திருந்தா. அத்தனை வருஷமும் வாடகை வீடு. மூணு மாசத்துக்கு ஒருக்கா ஏஜென்ட் இன்ஸ்பெக்ஷனுக்கு வருவாங்க, அடுப்பை போட்டோ எடுப்பாங்க. மொதல் வாடகை வீட்டுல பால் காய்ச்சினப்ப, கறை படிஞ்சா என்ன சொல்வாங்களோன்னு பயந்து, பொங்குறதுக்கு முன்னாடியே இறக்கிட்டா. அதை அவ மறக்கவே இல்ல.

"இது என் அடுப்பு. நாலு பக்கமும் வழியணும். நான் நின்னு பாக்கணும்"னு போன வாரமே சொல்லிட்டா.

நல்ல நேரம் ஒம்பதேகால்ல இருந்து பத்தேகால் வரைக்கும். இந்த நேரம் சென்னைக்கா, ஆக்லாந்துக்கான்னு ரெண்டு நாள் வீட்டுல விவாதம் நடந்துச்சு. கடைசியில ஊர்ல இருக்கிற ஜோசியர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "நீங்க எந்த ஊர்ல இருக்கீங்களோ அந்த ஊர் கடிகாரத்தைப் பாருங்கம்மா." அத்தோட முடிஞ்சுது. பத்தேகால்னா பத்தேகால், அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூடக் கிடையாது.

இதுல எனக்கு என்ன கஷ்டம்னு கேக்குறீங்களா? அதே நேரத்துல எங்க டீமுக்கு மேட்ச்!

எங்க டீம்னா அமெரிக்கன் ஃபுட்பால் டீம். சிரிக்காதீங்க. இங்க வந்த புதுசுல வேலை பார்த்த கம்பெனியில கிளையன்ட் எல்லாம் அமெரிக்காக்காரங்க. மீட்டிங்ல அவங்களோட ரெண்டு வார்த்தை பேசணுமேன்னு பாக்க ஆரம்பிச்சேன். அந்த வேலை போய் ஆறு வருஷமாச்சு, வியாதி மட்டும் போகல. அவங்க ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆடுறது நமக்குத் திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு வரும். நேத்து தோத்தா இந்த வருஷம் எங்க டீம் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஒம்பது இருபதுக்கு வலது காலை எடுத்து வெச்சு உள்ள போனோம். மொதல்ல சாமி படம், அப்புறம் உப்பு, மஞ்சள், அரிசி. புது எவர்சில்வர் பாத்திரம், பெருசு, அதுக்கு மஞ்சள் குங்குமம் வெச்சு, விளிம்புக்கு ரெண்டு விரக்கடை கீழ வரைக்கும் மீனா பாலை ஊத்தினா. அடுப்பு, மேல கண்ணாடி போட்ட கரண்ட் அடுப்பு. கூட்டினாலும் குறைச்சாலும் அதுக்கு உறைக்கவே ரெண்டு நிமிஷம் ஆகும்.

அப்பதான் என் பொண்ணு நிலா வாசல்ல இருந்து ஓடி வந்தா. ஒம்பது வயசு. தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்ற கட்சி.

"அப்பா, தி நெய்பர் கான்ட் கெட் ஹிஸ் கார் அவுட்!"

வந்த விருந்தாளிங்க இருபது பேர். அவங்க வண்டியெல்லாம் அந்தப் பொது டிரைவ்வேல வரிசையா நிக்குது. "எங்க வேணா நிறுத்துங்க, நம்ம இடம்தான்"னு குரூப்ல மெசேஜ் போட்ட புண்ணியவான் யாருன்னு சொல்லத் தேவையில்ல.

நான் கெளம்பினேன். மீனா தடுத்துட்டா.

"நீங்க போனா இன்னும் நாலு வண்டியை உள்ள கூப்பிடுவீங்க. நான் பேசிக்கிறேன். நீங்க இங்கயே நில்லுங்க. பால் மேல வந்தா என்னைக் கூப்பிடுங்க. நான் இல்லாம பொங்கிடக் கூடாது. பத்தேகால் தாண்டவும் கூடாது. புரிஞ்சுதா?"

"அடடா, இது ஒரு வேலையா? நீ போய்ட்டு வா."

அவ தலை மறைஞ்சதும் போனை எடுத்து உப்பு ஜாடியில சாய்ச்சு வெச்சேன், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்துல. கடைசிக் கால்பகுதி, நாலு நிமிஷம் பாக்கி, அஞ்சு பாயிண்ட் முன்னால இருக்கோம். பிள்ளையாரையும் கும்பிட்டுக்கிட்டேன்.

சிவம் அண்ணன் கிச்சனுக்குள்ள வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பின் தெருவுல வீடு, ஈஸ்ட் டாமாக்கியில ஒரு வேர்ஹவுஸ்ல சூப்பர்வைசர். எங்களுக்காக லீவு போட்டு சோபா தூக்க வந்தவர். ரக்பி தவிர வேற எதையும் விளையாட்டுன்னு ஒத்துக்க மாட்டார்.

"என்ன தம்பி, உந்த ஹெல்மெட் விளையாட்டு இன்னும் முடியேல்லையோ?"

"நாலே நிமிஷம்தான் அண்ணே."

"போன மாசமும் நாலு நிமிசம் எண்டுதான் சொன்னனீர். நான் வீட்ட போய், குளிச்சு, சாப்பிட்டிட்டு வந்து பாக்க, ரண்டு நிமிசம் மிச்சமிருந்தது."

அதுக்குள்ள போன்ல எங்க டீம் வழக்கமான அநியாயத்தை ஆரம்பிச்சிருந்தாங்க.

"ஐயோ! பின்னால போறாங்க அண்ணே! மறுபடியும் பின்னால போறாங்க!"

"ஆர் போறது? எங்க?"

விளக்கினேன். இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப அழுத்தமான கருத்து உண்டு, வீட்டுல கேக்க ஆளில்ல.

"பாருங்க அண்ணே, இவ்வளவு நேரம் அஞ்சாறு பேர் பாய்ஞ்சு போய், எதிர் டீம்ல பந்து எறியிறவனை நிம்மதியா நிக்கவே விடல. அதனாலதான் ஜெயிச்சுக்கிட்டிருந்தோம். இப்ப முடியப் போகுதுன்னதும் பயம் வந்துடுச்சு. மூணு பேரை மட்டும் முன்னால விட்டுட்டு, மீதி எட்டு பேரும் பின்னாடி போய் நிக்கிறாங்க. பெருசா எதுவும் விட்டுடக் கூடாதாம். சின்னச் சின்னதா குடுத்து நேரத்தை ஓட்டிடலாமாம்."

"கிரிக்கெட்டில எல்லாரையும் பவுண்டரிக்கு அனுப்பிப்போட்டு, ஒண்டு ரண்டு ஓட விடுற மாதிரியோ?"

"அதேதான்! அந்த ஒண்ணு ரெண்டுலயே மேட்ச் போயிடும். ஜெயிக்க வெச்சது எதுவோ, அதைக் கடைசி வரைக்கும் செய்ய வேணாமா? என்னை அந்தக் கோச் இடத்துல ஒரு நாள் உக்கார வெச்சா..."

சொல்லி வாய் மூடல, பால் மேல வந்துடுச்சு.

"மீனா! வருது!"

வெளியில இருந்து குரல் மட்டும் வந்துச்சு. "ஒரு நிமிஷம்!"

நிலா எட்டிப் பாத்தா. "அம்மா சேஸ் டூ மினிட்ஸ்!"

அடுப்பைக் குறைச்சேன். அது கேக்கல. பால் விளிம்பைத் தொட்டுடுச்சு. குனிஞ்சு ஊதினேன், கன்னம் ரெண்டும் வலிக்க ஊதினேன். இறங்கிடுச்சு!

எனக்கு ஒரே பெருமை. மணி ஒம்பது அம்பது. கைவசம் இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. இப்படியே பிடிச்சு வெச்சிருந்தா போதும், மீனா வந்ததும் ஒரு திருகு திருகிப் பொங்க வெச்சிடலாம்.

போன்ல எதிர் டீம்காரன் பந்தோட எங்க பக்கம் பன்னெண்டு யார்டு ஓடினான். அடுத்த தடவை பதினஞ்சு.

பால் திரும்ப எழும்பிச்சு. இந்தத் தடவை விடல நான். அடுப்பை ஒரேயடியாக் குறைச்சேன். மரக்கரண்டியைப் பாத்திரத்து மேல குறுக்கால போட்டேன். ரெண்டு கை தண்ணி தெளிச்சேன். போதாதுன்னு பாத்திரத்தைப் பாதி வெளிய இழுத்து வெச்சேன். இனிமே எப்படிப் பொங்கும்னு பாக்குறேன்!

"நான் போய் மீனாவைக் கூட்டிக்கொண்டு வரட்டே?"ன்னார் சிவம் அண்ணன். "அவ அந்தப் பக்கத்து வீட்டு மனிசனோட கதைச்சுக்கொண்டு நிக்கிறா."

"வேணாம் அண்ணே. எல்லாம் கன்ட்ரோல்ல இருக்கு."

போன்ல இன்னொரு பதினாலு யார்டு.

"டேய், ஏண்டா பின்னாடியே போறீங்க! பயந்தாங்கொள்ளிங்களா! முன்னால வந்து அடிங்கடா!"

இதைக் கத்தும்போது என் ஒரு கை கரண்டியில, இன்னொரு கையில தண்ணிச் சொம்பு. சிவம் அண்ணன் என்னையும் போனையும் மாறி மாறிப் பாத்தார்.

"தம்பி, ஒண்டு கேட்டா கோவிக்க மாட்டீரோ? அவங்கள் செய்யிறதும் நீர் செய்யிறதும் ஒண்டுதானே?"

"அது வேற அண்ணே. இது பால்."

"ஓம் ஓம்"னார்.

பத்து மணி நாலு நிமிஷத்துக்கு மீனா உள்ள வந்தா. பட்டுப்புடவை, நெத்தியெல்லாம் வேர்வை. பின்னாடியே, வண்டியெல்லாம் நகத்தி நிறுத்திட்டு இருபது பேர்.

"பொங்கிடலையே?"

"நான் இருக்கும்போது பொங்க விடுவேனா?"

அந்த நேரத்துல அது எனக்கு ரொம்ப நல்ல பதிலாத்தான் தெரிஞ்சுது.

எல்லாரும் அடுப்பைச் சுத்தி நின்னாங்க. போன் கேமரா எல்லாம் மேல வந்துச்சு. மீனா கை கூப்பிக்கிட்டா. நான் பாத்திரத்தை நடுவுல தள்ளி, அடுப்பை முழுசாத் திருகினேன்.

ஒரு நிமிஷம் ஆச்சு. ரெண்டு நிமிஷம் ஆச்சு. பால்ல ஒரு அசைவும் இல்ல.

"முதல்ல அந்த அகப்பையை எடும்"னார் சிவம் அண்ணன், மெதுவா.

கரண்டியை எடுத்தேன். அப்பவும் நடுவுல நாலு குமிழி வந்துச்சு, அவ்வளவுதான். குனிஞ்சு பாத்தேன். ரெண்டு விரக்கடை கீழ இருந்த பால் இப்ப நாலு விரக்கடை கீழ கிடக்கு! அத்தனை நேரம் சிம்ல கிடந்து சுண்டி, மேல கெட்டியா ஆடை கட்டியிருக்கு. அது எழும்பி எந்தக் காலத்துல விளிம்பைத் தாண்டுறது?

"ஏங்க, என்ன பண்ணீங்க?"

"பொங்காம பாத்துக்கிட்டேன்."

மணி பத்து ஒம்பது. யாரோ இருமினாங்க. மீனா முகத்தை என்னால பாக்க முடியல. ஒம்பது வருஷத்துல அவ ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒண்ணு. அதையும் நானே ஊதி ஊதி அணைச்சிட்டேன்.

அந்த நேரம் பாத்து உப்பு ஜாடி பக்கத்துல இருந்து பெரிய சத்தம். மேட்ச்சோட கடைசி நொடி. எங்க எட்டு பேரும் பின்னாடி நின்னு வேடிக்கை பாக்க, அவங்க கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டு ஆறு பாயிண்ட் எடுத்துட்டாங்க.

மீனா திரும்பினா. "என்ன அது?"

"ஒண்ணுமில்ல. தோத்துட்டோம்."

"நீங்க வேணா தோத்துக்கோங்க"ன்னா.

முந்தானையை இழுத்துச் சொருகினா. பிரிக்காத அட்டைப் பெட்டியைக் கிழிச்சு, ஒரு சின்ன சாஸ்பேனை எடுத்தா. கழுவி, மஞ்சள் குங்குமம் வெச்சா. சுண்டின பாலை அதுல விளிம்பு வரைக்கும் ஊத்தினா. பெரிய அடுப்புல வெச்சு, முழுசாத் திருகி, ஒரு அடி கூடப் பின்னால நகராம அங்கயே நின்னா.

"மீனா, கொஞ்சம் குறைச்சு வெச்சா..."

"நீங்க வாயை மூடுங்க."

பத்து பன்னெண்டு. பத்து பதிமூணு. இருபது பேரும் மூச்சு விடல.

பத்து பதினாலுக்குப் பொங்கிச்சு! நாலு பக்கமும் வழிஞ்சு, கண்ணாடியில ஓடி, டிராயருக்குள்ள இறங்கி, தரையில சொட்டி, அவ கால் விரல் வரைக்கும் வந்துச்சு. அவ நகரல. சிரிக்கிறா, கண்ணுல தண்ணி வழியுது, தொடைக்கக்கூட இல்ல. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு, பொகைன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

பொகையும் இருந்துச்சு. சாஸ்பேன் அடியில ஒட்டியிருந்த ஸ்டிக்கரை யாரும் கவனிக்கல. அது கருகி, பாலும் கருகி, கூரையில இருந்த அலாரம் வீடே அதிரக் கத்த ஆரம்பிச்சுது.

"மேளம் இல்லையெண்ட குறையும் தீந்துது"ன்னு சொல்லிட்டு சிவம் அண்ணன் நாற்காலி தேடிப் போனார்.

நிலா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டுக் கேட்டா. "அப்பா, டிட் வீ வின்?"

"அம்மா வின்"னேன்.

பெரிய பாத்திரத்துல மிச்சமிருந்த பாலை சக்கரை போட்டு எல்லாருக்கும் குடுத்தோம். குடிச்சவங்க எல்லாம் ஆகா ஓகோன்னாங்க. "மீனா, பால் என்ன ருசி! எப்படிக் காய்ச்சினே?"

"அவர் காய்ச்சினது. அரை மணி நேரம் காவல் இருந்தார்"னா மீனா, என் பக்கம் திரும்பாமலே.

எல்லாரும் போனப்புறம் பிளேடும் ஸ்பாஞ்சும் என் கைக்கு வந்துச்சு. பொங்கி வழியிறதைப் பாக்குறது அவ வேலை, தொடைக்கிறது யார் வேலைன்னு அதுவரைக்கும் நாங்க பேசிக்கவே இல்ல.

இன்னைக்குக் காலையில நியூஸ் வந்திருக்கு, எங்க டீம் கோச்சை வேலையை விட்டே தூக்கிட்டாங்களாம்.

அவர் குடுத்து வெச்ச மனுஷன். நான் இன்னும் அடுப்பைச் சுரண்டிக்கிட்டிருக்கேன்.