மிதக்கும் மட்கார்டு

பழவேற்காட்டில் ஓடும் மோட்டார் பைக்குகளில் பாதியைத் தூக்கி ஏரியில் போட்டால், பின்பக்கம் மட்டும் மிதக்கும். எல்லாம் ஃபைபர் அண்ணன் செய்த வேலை.

கோட்டைக்குப்பத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர் அவர். அவர் மனைவிகூட "ஃபைபரு, சோறு ஆறுது" என்றுதான் கூப்பிடுவார். படகு வேலை இல்லாத நாட்களில் பைக்குகளுக்குப் பின்பக்க மட்கார்டு செய்வார். அதை ஏரியில் மிதக்க விட்டுப் பார்க்காமல் யாரிடமும் கொடுக்க மாட்டார்.

"மட்கார்டு எதுக்குண்ணா மிதக்கணும்?"

"முழுவுற பொருள நான் செய்றதில்ல."

இறால் வியாபாரி ஒருவரின் மட்கார்டுக்கு எட்டு அடுக்கு ஃபைபர் போட்டுக் கொடுத்தார். வண்டியை எடுத்ததும் முன்சக்கரம் வானத்தைப் பார்த்தது. "போட்டும் அப்டித்தான் மூக்கத் தூக்கும். ஸ்பீடு வந்தா எறங்கிடும்" என்று ஆறுதல் சொன்னார்.

இந்த மனிதரிடம்தான் என் கணவர் வண்டியைக் கொடுத்தார். மொபைலில் பார்த்த படத்தைப் போல ஒற்றை சீட், ஒரு சாண் மட்கார்டு வேண்டுமாம். பாப்பாவுக்கு அப்போது ஏழு மாதம். தடுப்பூசிக்குப் பொன்னேரி போவதே அந்த வண்டியில்தான்.

"நானும் பாப்பாவும் எங்க உக்கார்றது?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு இருக்குதே" என்றார்.

அவருக்குத் தெரியாமல் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணனின் கொட்டகைக்குப் போய், "சீட்ட வெட்டாதீங்கண்ணா" என்றேன். வீடு திரும்பியதும் மனசு உறுத்தியது. அவருடைய எத்தனை நாள் ஆசை. போன் செய்து, "வெட்டிடுங்கண்ணா" என்றேன். பாப்பா தும்மியது. மறுபடி போன் செய்தேன்.

"யம்மா, நீ மொதல்ல உங்கூட பேசி முடி. அப்பால எங்கிட்ட பேசு" என்று வைத்துவிட்டார்.

வேலை முடிந்த அன்று மூவரும் போனோம். புதிய மட்கார்டு ஏற்கெனவே ஏரியில் மிதந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று திரும்பி, அது நடு ஏரியை நோக்கிக் கிளம்பியது.

"சோக்கா போவுது பாரு" என்றார் அண்ணன்.

என் கணவர் புது ஜீன்ஸோடு இறங்கி ஓடினார். முழங்கால் ஆழம்தான், ஆனால் மட்கார்டு அவரைவிட வேகமாகப் போனது. அரை மணி நேரம் கழித்து, இடுப்பு வரை சேறாக, அதைத் தலையில் சுமந்து வந்தார். அப்போதுதான் அதன் நீளத்தைப் பார்த்தார்.

"இன்னாண்ணா இது? குட்டையாத்தானே கேட்டேன்."

"என் கையால செஞ்சதுலயே இதான் குட்ட."

இரண்டு பேர் உட்காரும் சீட்டும் அப்படியே இருந்தது. வெட்டித் தரச் சொல்வார் என்று நினைத்தேன். ஏரியில் இறங்கி மீட்டு வந்த பொருளை வெட்டச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

மட்கார்டின் இடப்பக்கம், படகில் கட்டுவது போல ஒரு நைலான் கயிற்று வளையம் இருந்தது.

"இது எதுக்குண்ணா?" என்றேன்.

"அல அடிச்சா புடிச்சிக்க."

"ரோட்ல ஏதுண்ணா அல?"

"நீ பொன்னேரி ரோட்ல போனதே இல்லியா?"

பாப்பாவுக்கு இப்போது மூன்று வயது. எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்வாள். என் ஒரு கை அவளைச் சுற்றியிருக்கும். ஃபைபர் அண்ணன் அவளுக்கு மாமா, அந்தக் கயிற்று வளையம் மாமா கை. மறு கையை அவளே திரும்பிப் பார்த்துக் கேட்பாள்: "அம்மா, மாமா கையப் புட்ச்சிக்கினியா?"

பிடித்துக்கொண்டேன் என்ற பிறகே வண்டி நகரும்.