ஷிபா மங்க வைத்த குப்பிகள்

அன்புத் தங்கச்சி ஜெபமணிக்கு, இராஜாக்கமங்கலத்திலிருந்து அக்கா திரேசம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், என் முட்டுவலி ஒன்றைத் தவிர. உன் பேத்தி பெபிஷாவின் நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடக்கத் தினமும் ஜெபமாலை சொல்லுகிறேன். உன் கல்யாணத்தில் என்னைக் கடைசிப் பந்தியில் இருத்தி, கிழிந்த இலை போட்டு, பப்படம் தீர்ந்துபோச்சு என்று சொன்னதை நான் என்றைக்கோ மறந்துவிட்டேன்.

விஷயம் என்னவென்றால், நிச்சய மேசையில் பூ வைக்கக் கண்ணாடிக் குப்பிகளுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி பெபிஷா நம்ம ஷிபாகிட்ட கேட்டாளே, அதுதான் என் பேத்திக்குக் கிடைச்ச முதல் வேலை, நல்லா வந்தா நாலு பேரு கேப்பாங்கன்னு பிள்ளை பஞ்சால ஒத்தி ஒத்தி அடிச்சா. அடியில கருநீலம், மேல போகப் போக வெளுத்து, வாய்ப்பக்கம் வெறும் கண்ணாடி. மாடியில காய வச்சிட்டு ரிப்பன் வாங்கப் போயிட்டா. நான் போய்ப் பாத்தேன். ஏட்டி, நீயும் கடலுக்குப் போற வள்ளக்காரன் வீட்டுல பொறந்தவதானே, நீலம் மங்கிக் கிடந்தா உனக்கு என்ன தோணும்? உப்பு தின்னுட்டுன்னுதானே? இப்பதான் அடிச்சதை உப்பு தின்னாது, அப்போ பெயிண்ட் தீந்து பிள்ளை பாதியில விட்டுட்டாளேன்னு பாவம் பாத்து, மருமகன் வினோஜ் வள்ளத்துக்கு அடிச்ச நீலத்துல மிச்சத்தை எடுத்து, ஒரு பொட்டு இடம் விடாம வாய்வரை பூசிட்டேன்.

அவ வந்து பாத்தா.

"அம்மச்சி, இது என்னது?"

"வேலையை முடிச்சு வச்சிருக்கேன் மக்கா."

"அது தானா மங்கினதில்ல, நான் மங்க வச்சது."

"மங்க வைக்கதுக்கு எதுக்குட்டி பெயிண்டு?"

அன்னைக்குச் சோறு வைக்கும்போது மீன் தலையை எனக்கு வைக்காம அவ அப்பனுக்கு வச்சா, அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். ஆனா எனக்கு உள்ளுக்குள்ள தீ. பிள்ளையோட முதல் வேலையை நானே கடல்ல முக்கிட்டேனேன்னு ஒரு பக்கம், நீ இதை உங்க புதுக்கடை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பியேன்னு ஒரு பக்கம். பிறகு மருமகன் பெயிண்டை இளக்கத் தின்னர் கொண்டு வந்தாரு. நான் இருந்து பிளேடால சுரண்டினேன், என் நகம் எல்லாம் இப்பவும் நீலம். ஷிபா மறுபடி பஞ்சை எடுத்தா. நேத்து சாயங்காலம் எல்லாம் காய்ஞ்சு, முன்னைவிட அழகா வந்துட்டு. "அம்மச்சி, சாயா குடிக்கியா?"ன்னு அவளே வந்து கேட்டா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்துட்டு ஜெபமணி. நாளை பக்கத்து வீட்டு ஆன்ட்ரூஸ் இந்தக் கடிதத்தோட குப்பிகளையும் வண்டியில கொண்டு வருவான். நீ ஒண்ணையும் தொடாதே, உனக்குக் கை நடுங்கும்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு என் மரியாதையைச் சொல்லவும். சின்னவர்களுக்கு முத்தம். மாதா உங்கள் வீட்டைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அக்கா,
திரேசம்மா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் ஷிபா ஓடி வந்தாள். அன்னைக்குக் கோவத்துல, நான் பூசின குப்பிகளைப் படம் புடிச்சு, "எங்க அம்மச்சி பண்ணின வேலையைப் பாரு"ன்னு பெபிஷாவுக்கு அனுப்பியிருக்கா. அவ இன்னைக்குத்தான் பாத்தாளாம். அந்த முழு நீலந்தான் வேணுமாம், மாப்பிள்ளை சட்டைக்குச் சரியான நிறமாம். "அம்மச்சி, வள்ளத்துப் பெயிண்ட் மிச்சம் இருக்கா?"ன்னு பக்கத்துல வந்து நிக்கா. இல்லைன்னுட்டேன். இருக்கு. கொஞ்சம் கெஞ்சட்டும்.