அடிவயிற்றுக்குத் துப்பாக்கி இல்லை

கோணமானி ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. தாம்பரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நிறையத் தென்படும். போர் விளையாட்டுக்காகச் சாப்பாட்டு மேசையில் நீலத் துணியை விரித்து அதைப் பசிபிக் கடல் என்பார்கள். உலகப்போரில் கடலில் இறங்கி ஏறிய பறக்கும் படகுகளை உள்ளங்கை அளவில் செய்து, மூக்கில் ஒரு துப்பாக்கி, இடுப்பில் இரண்டு, வாலில் ஒன்று என்று ஒட்டி, எது எத்தனை டிகிரி திரும்பும் என்று பகடையைத் தொடாமலே மதியம்வரை மல்லுக்கட்டுவார்கள். பிரியாணி ஆறும். போர் ஆறாது.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி மேடவாக்கம் வேதசிரோமணி அங்கிள். சிக்னலில் தண்ணீர் லாரி பக்கத்தில் நின்றால், அதை எந்தப் பக்கமிருந்து சுடலாம் என்று பார்ப்பார். என் அப்பா ஞானையாவை அடக்கம் செய்த அன்று என் கையைப் பிடித்துத் தேம்பித் தேம்பி அழுதார். கண்ணைத் துடைத்ததும் என்ன கேட்டார்?

"பாப்பா, டேபிளை யாரும் கலைக்கலியே?"

கலைக்கவில்லை. அப்பாவும் அவரும் பாதியில் விட்ட ஆட்டத்தில் அப்பாவிடம் மிஞ்சியது ஒரே ஒரு பறக்கும் படகு. அவர் கடைசியாக நகர்த்தியது. அது மட்டும் விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, போன ஞாயிறு அவருக்குப் பதிலாக நான் உட்கார்ந்தேன்.

"பின்னாடி கீழேருந்து வர்றேன்," என்று அங்கிள் தன் சண்டை விமானத்தை நகர்த்தினார். கோணமானியை வைத்தார். "வால் துப்பாக்கி இவ்ளோ கீழ திரும்பாது. இடுப்பும் எட்டாது. அடிவயித்துக்குத் துப்பாக்கியே இல்ல பாப்பா. உங்கப்பன் காலி. சாரி."

"இருங்க. அப்பா கடைசியா என்ன பண்ணார்?"

"இன்னா பண்ணான், உயரத்தைக் குறைச்சான். பயந்தாங்கொள்ளி."

குனிந்து, படகின் உயரம் காட்டும் ஸ்டாண்டைப் பார்த்தேன். ஆகக் கீழ்ப்படி. படகு கடலை உரசிக்கொண்டு பறந்தது.

"கீழேருந்து எப்படி வருவீங்க அங்கிள்? நீந்தியா?"

அங்கிள் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். இந்த இனம் கோணத்தை அளக்கும், கடலைப் பார்க்காது.

"அட திருட்டுப் பயலே!" என்று அப்பாவைத் திட்டினார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். "போயும் பேஜார் பண்றான் பாரு!"

"மேலேருந்து வாங்க. வாலும் இடுப்பு ரெண்டும் ரெடி. மூணு துப்பாக்கி."

"ரெண்டுதான்! நான் வலது பக்கமா வருவேன். இடது துப்பாக்கியை வால் மறைக்கும்!"

"மறைக்காது. கோணமானியை இப்படிக் குடுங்க."

அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். படகு இன்னும் விழவில்லை.

இதையெல்லாம் படித்துச் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இடது துப்பாக்கியை வால் மறைக்குமா, மறைக்காதா என்று மனசுக்குள் ஒரு கட்சி சேர்ந்துவிட்டீர்களா? போச்சு. ஞாயிறு காலை வந்துவிடுங்கள். எங்கள் மேசையில் ஒரு நாற்காலி காலி.