பீரோவை நகர்த்திய பயிற்சித் துறை

வேங்கிக்கால்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மனைவி மணிமொழிக்கு, இளஞ்செழியன் எழுதுவது. இங்கே நானும் வீடும் சௌக்கியம். மாடியில் நீ வைத்த மல்லிச் செடியும் இருக்கிறது. சௌக்கியமா என்று அதைத்தான் கேட்க வேண்டும். மஸ்கட்டில் நீயும் உன் ஆஸ்பத்திரி நோயாளிகளும் நலமாயிருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன். போனில் நீ டூட்டிக்கு நடந்துகொண்டே பேசுகிறாய், லிஃப்ட் வந்ததும் குரல் போய்விடுகிறது. இது அதற்குள் சொல்லி முடிக்கிற செய்தி இல்லை என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் பயிற்சித் துறை என்றால் நானும் ஒரு கம்ப்யூட்டரும்தான் என்பது உனக்குத் தெரியும். போன மாதம் நிர்வாகி காசி சார் கூப்பிட்டு, "மூணு வருஷமா நர்சுங்களுக்குக் கை கழுவறதப் பத்தி வகுப்பு எடுக்கறீங்க. என்ன பிரயோஜனம்னு காட்டுங்க. இல்லன்னா துறைய மூடிட்டு உங்கள ரிசப்ஷன்ல போட்டுடறேன்" என்றார். வகுப்பு முடிந்ததும் எழுதி வாங்கிய கருத்துப் படிவங்களைக் கட்டாக நீட்டினேன். எல்லாவற்றிலும் ‘மிக நன்று’. அவர் ஒன்றை உருவி, "போண்டா மிக நன்றுன்னு எழுதியிருக்குது" என்று வாசித்துவிட்டு, "வகுப்பு நல்லா இருந்துச்சான்னு கேக்காதீங்க. வார்டுல கழுவறாங்களான்னு எண்ணிக்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

முதல் நாள் நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் ஜன்னல் திறப்பதற்குக்கூடக் கை கழுவினார்கள். மறுநாள் லுங்கி கட்டி, தலையில் துண்டு போட்டு, நோயாளிக்குத் துணைக்கு வந்தவன் போல பெஞ்சில் உட்கார்ந்தேன். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் எழிலரசிக்கு என்னைத் தெரியாது. "என்னங்க, இப்படி வேர்த்துக் கொட்டுது" என்று பிரஷர் பார்த்தவர், "ஜாஸ்தியா இருக்குது, பேசாம படுங்க" என்று காலியாக இருந்த கட்டிலில் படுக்க வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் எண்ணிக்கை கெட்டுவிடும் என்று படுத்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தபடி நாடி பார்த்தார். அவர் கை கழுவாமல் தொட்டார் என்பதை நான் அப்போதே குறித்திருக்க வேண்டும். குறிக்கத் தோன்றவில்லை. என் மணிக்கட்டை ஒருவர் பிடித்துப் பதினான்கு மாதம் ஆகிறது, மணிமொழி. முப்பது நொடியில் விட்டுவிட்டார்.

மதியத்துக்குள் நர்சுகள் நோயாளிகளைத் தொட்டது இருபது தடவை, அதற்கு முன் கை கழுவியது ஆறு தடவை. போர்வைக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் கீழ்பென்னாத்தூர் கண்ணாயிரம், வேர்க்கடலை விவசாயி, "இன்னா சார், ஒளிஞ்சு ஒளிஞ்சு எழுதறீங்க?" என்றார். சொன்னேன்.

"அந்தப் பொண்ணுங்க மேல தப்பில்ல சார். குழாய் அந்த பீரோவுக்குப் பின்னாடி இருக்குது. சோப்பு தீந்து எட்டு நாளாவுது. இதுக்கு வகுப்பு இன்னாத்துக்கு?"

மறுநாளே பீரோவை நகர்த்தினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. சோப்பு வைத்தேன். மூன்று மணி நேர வகுப்பைக் குழாயடியிலேயே பத்து நிமிடமாக்கினேன், போண்டா கிடையாது. இரண்டு வாரம் கழித்து, இந்தத் தடவை அதே பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து எண்ணினால், இருபதுக்குப் பதினாறு. "பத்து நிமிஷத்துல அப்படி என்ன சொல்லிக் குடுத்தீங்க?" என்று காசி சார் கேட்டார். "பீரோவ நகர்த்தினேன் சார்" என்றேன். அவர் உடனே, "அப்ப மத்த நாலு வார்டயும் போய்ப் பாருங்க" என்றார். துறை பிழைத்தது. இப்படியே எண்ணிப் பார்த்ததில் என் மற்ற வகுப்புகளில் மூன்று யாருக்கும் உதவவில்லை என்று தெரிந்து, நானே நிறுத்திவிட்டேன். வேலை ஒழுங்காக நடப்பதில் ஒரே கஷ்டம், ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அன்றைக்கு வந்து பூட்டைத் திறந்து, ‘இருபதுக்குப் பதினாறு’ என்று கூடத்தில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். தாராளமாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு. உன் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நான் நிற்க மாட்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. சாம்பார்கூடத் தீயாமல் வைக்கிறேன். உன் அறைத் தோழிகளுக்கு என் வணக்கம். மலையைப் பார்த்து உனக்காகவும் ஒரு கும்பிடு போட்டாயிற்று.

இப்படிக்கு,
உன் இளஞ்செழியன்

பின்குறிப்பு: இது வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்கிறார் கூரியர்க்காரர். நீ கையெழுத்துப் போடுவது வரும் வியாழன். ஆகையால் இந்தப் பின்குறிப்பை மட்டும் படமெடுத்து இப்போதே உன் போனுக்கு அனுப்புகிறேன். மேலே உள்ளதை நீ வந்து படித்துக்கொள்ளலாம், கடிதம் என்னிடமே இருக்கும். கையெழுத்துப் போடாதே. வந்துவிடு.