திறந்தாச்சு, ஆனா கட்டல

தமிழ்நாட்டிலேயே கட்டாத பாலத்தின் மேல் ஜனங்களை நடக்க வைத்த ஒரே ஆள் எங்கள் அப்டேட்டு அண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. ரேஷன் கார்டிலாவது வேறு ஏதாவது இருக்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் தொகுதி வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அதற்கு மேல் கேட்காதீர்கள், நான் இன்னும் அங்கேதான் குடித்தனம் பண்ணுகிறேன். அண்ணனுக்கு எம்.எல்.ஏ. ஆபீஸில் வேலை. தொகுதியில் என்னென்ன நடக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் போடுவார். சாயந்திரம் அதையே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவார்.

"வணக்கம் மக்களே. உங்க எம்.எல்.ஏ.வோட இந்த வார அப்டேட்டு. ஏரிக் கால்வா தூர் வாரியாச்சு. ஸ்கூலுக்கு காம்பவுண்டு வந்தாச்சு. தோல் ஷாப்பு பின்னால பாலம் வந்தாச்சு. கறுப்பு ஆடு ஒண்ணு காணோம், பாத்தவங்க சொல்லுங்க. செவ்வாக்கெழம கரண்டு இருக்காது."

இதில் ஆடு காணோம் என்பது மட்டும்தான் நிஜம். அண்ணன் பொய்யர் இல்லை, அதுதான் குழப்பமே. மனு கொடுத்தது, பணம் ஒதுக்கியது, டெண்டர் விட்டது, கட்டி முடித்தது எல்லாம் அவருக்கு ஒரே சங்கதி. எம்.எல்.ஏ. வாயிலிருந்து வந்துவிட்டால் அது வந்தாச்சு. பாலம் வந்தாச்சு என்று கேட்டு நம்பிப் போன எங்கள் தெரு பால்காரர், சைக்கிளோடு கால்வாயில் இறங்கி, முட்டி வரைக்கும் சேற்றோடு ஆபீஸுக்கே வந்து நின்றார்.

"இன்னாண்ணா, பாலம் எங்க?"

"வருதுப்பா. நீதான் கொஞ்சம் முன்னாடியே வந்துட்ட."

இப்படிப்பட்ட ஆள் கையில்தான் எங்கள் தெருத் தண்ணீர் மாட்டியது.

எங்கள் பக்கம் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. சோப்புகூட நுரைக்காது. குடிதண்ணீர் லாரி காலையில் ஏழு மணிக்கு வரும். எங்கள் ஷூ கம்பெனி பஸ்ஸும் அதே ஏழு மணிக்குத்தான் வரும். தெருவில் பாதிப் பொம்பளைகள் அந்தக் கம்பெனியில்தான் தைக்கிறார்கள், நான் செக்கிங் செக்‌ஷன். தண்ணீர் பிடித்தால் பஸ் போய்விடும். பஸ்ஸைப் பிடித்தால் வீட்டில் குடிக்கச் சொட்டு இருக்காது. லேட்டாகப் போய்ப் போய், "இன்னொரு வாட்டி லேட்டுன்னா வூட்லயே இருந்துக்கம்மா" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவர். அந்த நேரத்தில் தெருவுக்குக் குடிதண்ணீர்த் தொட்டி கட்ட உத்தரவு வந்ததும் எனக்கு உயிர் வந்தது. தொட்டி வந்தால் நினைத்த நேரத்துக்குத் தண்ணீர் பிடிக்கலாம், என் வேலையும் தப்பும்.

பூமி பூஜைக்கு ஒரு நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்தார்கள். அதே நாளில் பக்கத்து ஊரில் புதுப் பஸ் நிழற்குடை திறப்பு விழா. பூஜைச் சாமான் ஒரு பெட்டியிலும், ரிப்பன், கத்தரிக்கோல் இன்னொரு பெட்டியிலும் போக வேண்டும். அண்ணன் ரெண்டுக்கும் எங்கள் கம்பெனியின் காலி ஷூ அட்டைப்பெட்டிகளையே எடுத்திருக்கிறார். ரெண்டும் ஒரே சைஸ், ஒரே கலர், ஒரே முத்திரை. மேலே எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு மனுஷனுக்குத் தோன்ற வேண்டாமா?

எம்.எல்.ஏ. போனில் பேசிக்கொண்டே காரிலிருந்து இறங்கினார். ராகு காலம் பிறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். அண்ணன் பெட்டியைத் திறந்தார். உள்ளே ரிப்பன். செங்கல்லும் தேங்காயும் பக்கத்து ஊருக்குப் போய்விட்டன. அண்ணன் பெட்டியைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், எம்.எல்.ஏ. முகத்தைப் பார்த்தார். அப்புறம் கரண்டுக் கம்பத்துக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் ரிப்பனைக் கட்டிவிட்டார்.

எம்.எல்.ஏ. போனைக் காதிலிருந்து எடுக்காமலே வெட்டினார். போட்டோ எடுத்தார்கள். நாங்கள் எல்லாரும் கை தட்டினோம்.

"இன்னாடி தொறந்தாங்க?" என்று பக்கத்து வீட்டு மேரியக்கா என் காதில் கேட்டாள்.

"தெரியலக்கா."

"அப்ப ஏன் கை தட்டுன?"

"நீ தட்டுனியேன்னு தட்டுனேன்."

அங்கே பக்கத்து ஊரில் அடுத்த கூத்து. கட்டி முடித்துப் பெயின்ட் வாசனைகூடப் போகாத நிழற்குடைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, பளபளவென்று இருந்த தரையில் கடப்பாரையால் ஒரு போடு போட்டு பூமி பூஜை நடத்திவிட்டார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இன்றைக்கும் அந்தக் குழியைத் தாண்டித்தான் உட்கார வேண்டும்.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் ரிப்பன் வெட்டிய போட்டோ மேலதிகாரிகளுக்குப் போய்விட்டது. மாசக்கணக்கில் வேலை ஆரம்பிக்கவில்லையே என்று நானும் மேரியக்காவும் இன்ஜினியர் ஆபீஸுக்குப் போனோம்.

"அந்தத் தொட்டி தொறந்தாச்சேம்மா" என்றார் இன்ஜினியர்.

"தொறந்தாச்சு சார். ஆனா கட்டல."

"கட்டாம எப்படிம்மா தொறப்பாங்க?"

"அதத்தான் சார் நாங்களும் கேக்குறோம்."

"கம்ப்யூட்டர்ல முடிஞ்சதுன்னு காட்டுது. முடிஞ்ச வேலைக்கு மறுபடி நான் எப்படி வேல போடறது?"

யார் யாரைக் கேட்கிறோம் என்றே புரியாமல் வெளியே வந்தோம். நேரே அண்ணனிடம் போனேன்.

"இன்னாண்ணா இது பேஜாரு? தொட்டி இருக்குதா, இல்லியா?"

அவர் தலையைச் சொறிந்தார். "நான் மைக்ல சொல்லிட்டனேம்மா, தொட்டி தொறந்தாச்சுன்னு. சொன்னது சொன்னதுதான். நாளைக்கு வந்து பாரு."

மறுநாள் சாயந்திரம் கம்பெனியிலிருந்து வந்து பார்த்தால், ரிப்பன் கட்டிய இடத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் உட்கார்ந்திருந்தது. தன் வீட்டு மொட்டை மாடி டேங்கையே கழற்றிக் கொண்டுவந்துவிட்டார். தெரிந்தவர் டிராக்டரில் தினமும் சாயந்திரம் தண்ணீர் வந்து இறங்கியது. அவர் வீட்டம்மா தெருமுனையில் நின்று, "குளிக்கத் தண்ணி இல்ல, ஊருக்கு டேங்க் கேக்குதா இந்தாளுக்கு?" என்று கத்தினார். ஞாயிற்றுக்கிழமை வாய்ஸில் மட்டும், "தொட்டி நல்லபடியா வேல செய்யுது மக்களே."

நானும் காலையில் நிம்மதியாகப் பஸ் ஏறினேன். அந்த நிம்மதியும் வெயில் காலம் வரைக்கும்தான். அதற்குள் எங்கள் புகாரைப் பார்க்க இன்ஜினியர் ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். டேங்கைப் பார்த்தார், குழாயைத் திறந்தார், தண்ணீர் வந்தது. "அதான் இருக்குதே" என்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெயில் காலத்தில் டேங்க் அடியோடு விரிசல் விட்டது. டிராக்டரும் நின்றது. திரும்ப ஏழு மணி லாரி, ஏழு மணி பஸ். ஒருநாள் பஸ் போயேவிட்டது. சூப்பர்வைசர் கேட்டிலேயே நிறுத்தி, "இதான் கடைசி, அடுத்த வாட்டி உள்ள விடமாட்டேன்" என்றார்.

அன்றைக்கு அண்ணனை ஆபீஸ் வாசலில் வைத்தே பிடித்துக்கொண்டேன். "உங்க வாயாலதாண்ணா எங்க தண்ணி போச்சு. மொதல்ல இல்லாதத இருக்குன்னு சொன்னீங்க. அப்புறம் அத நிஜமாக்கறேன்னு வர்றதயும் கெடுத்துட்டீங்க. என் வேலையும் போச்சுன்னா அதயும் அப்டேட்டுல போடுங்க."

அவர் ஆட்டோவில் ஏறி, மைக்கைத் தொடாமலே போய்விட்டார்.

அடுத்த வாரம் மனு வாங்குகிற கூட்டம். மேடையில் எம்.எல்.ஏ., அதிகாரிகள், எதிரே முழு ஊர். வழக்கம்போல அண்ணன் மைக்கைப் பிடித்து, வணக்கம் மக்களே என்று ஆரம்பித்தார். அப்புறம் கையிலிருந்த சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

"ரிப்பன் வெட்டுன தெருவுல தொட்டி இல்ல. கட்டவே இல்ல. பூஜைக்கு ரிப்பன் பொட்டிய எடுத்தாந்தது நான். ராகு காலத்துக்குப் பயந்து ரிப்பனக் கட்டுனதும் நான். தலைவர் மேல தப்பு இல்ல. அங்க இருந்தது எங்க வூட்டு டேங்க்கு, அதுவும் ஒடஞ்சிபோச்சு. நான் சொன்னது அத்தினியும் தப்பு மக்களே. இதான் அப்டேட்டு."

எம்.எல்.ஏ.வின் முகம் சிவந்துவிட்டது. யாரோ வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் ஊர் முன்னால் சொல்லியாகிவிட்டதே, அதை எந்தக் கம்ப்யூட்டரும் முழுங்க முடியாது. அந்த மாசமே எங்கள் தெருவில் கடப்பாரையோடு நிஜமான பூமி பூஜை நடந்தது. அண்ணனைப் பூஜைக்குக் கூப்பிடவில்லை. அப்டேட்டு சொல்ல வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

தொட்டி கட்டி முடித்தார்கள், சிமென்ட்டுத் தொட்டி, ஏழெட்டுக் குழாய் வைத்து. திறப்பு விழாவுக்கு எம்.எல்.ஏ. வந்தார், இந்தத் தடவை போனைப் பையில் வைத்துவிட்டு ரிப்பனை வெட்டினார். குழாயைத் திறந்துவிட்டு நகர்ந்து நின்றார். தண்ணீர் கொட்டியது. நாங்கள் இத்தனை பொம்பளைகள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றோம். ஒருத்தியும் நகரவில்லை.

எம்.எல்.ஏ.வுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாம்மா, தண்ணி வீணாப் போவுது, யாரும் புடிக்க மாட்றீங்க?"

நான் குழாயை மூடிவிட்டுச் சொன்னேன்.

"அண்ணன் டீக்கடையாண்ட நிக்கிறாரு சார். அவரு வந்துரட்டும்."